தண்ணீரில் வந்த எழுத்துகள்

தண்ணீர் இருந்த டியூபில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை. பதினொரு டியூபுகளில் பதினொரு பெண்களின் தொண்டையைத் தடவி எடுத்தது இருக்கும். பன்னிரண்டாவதில் வெறும் சுத்தத் தண்ணீர். மற்றவற்றுக்கு என்னென்ன செய்கிறார்களோ அத்தனையும் அதற்கும் செய்வார்கள். அதே மருந்து, அதே சூடு, அதே குலுக்கல். முடிவில் கணினித் திரையில் பதினொரு வரிசைகளிலும் கிடைத்த வைரஸ் துண்டுகளின் எண்ணிக்கை ஏறும், பன்னிரண்டாவதில் பூஜ்யம் அசையாமல் நிற்கும். அந்தப் பூஜ்யம் நின்றால்தான் மற்றப் பதினொன்றையும் நம்பலாம்.

அன்று காலை பதினொன்றரை மணிக்குப் பன்னிரண்டாவது வரிசையில் நாற்பத்தொன்று என்று இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நாற்பத்திரண்டு ஆனது.

ஆய்வகத்துக்குத் தலைமை அவள்தான்; அங்கே அவளுக்கு அரம் என்று பட்டப்பெயர். ஒருமுறை அவள் காதிலேயே விழுந்தது, அவள் கோபித்துக்கொள்ளவில்லை. துருப்பிடித்த இரும்புகளுக்கு நடுவே அரமாக இருப்பதில் அவளுக்குப் பெருமைதான். பதிலுக்கு அவளும் எல்லோருக்கும் பெயர் வைத்திருந்தாள். சுகாதாரத் துறையிலிருந்து தினமும் போன் செய்யும் அதிகாரிக்குக் கொசு. மாதிரிகளைக் கையாளும் டெக்னீசியனுக்கு ஆமை, ஏனென்றால் அவர் ஒரு டியூபைத் திறந்து மூடுவதற்குள் வைரஸே அலுத்துப்போய் எழுந்து போய்விடும் என்பது அவள் கணிப்பு. அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். கையுறையை மாற்றிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு முறையும் விரல் விரலாக இழுத்துச் சரிசெய்வார்.

"தண்ணி பாட்டில் புதுசு மேடம். காலையில நான்தான் திறந்தேன்," என்றார்.

"அதுதான் பிரச்சினை. நீங்கதான் திறந்தீங்க."

பக்கத்து மேசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அரத்துக்கு அது பிடித்திருந்தது.

அவர்கள் தேடிக்கொண்டிருந்தது ரூபெல்லா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தையல் கம்பெனியின் பெண்கள் விடுதியில் அது பரவியிருந்தது. இந்த வைரஸின் மொத்தக் குறிப்பும் ஒரே ஒரு நீண்ட வாக்கியம். நான்கே எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டு ஒன்பதாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் எழுத்து நீளத்துக்கு எழுதியது. ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போகும்போதெல்லாம் அது அந்த வாக்கியத்தைப் படியெடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் அவ்வளவு கவனமான எழுத்தர் அல்ல. சில வாரங்களுக்கு ஒருமுறை எங்காவது ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிவிடும். அதற்குப் பிறகு அந்தத் தப்பையும் சேர்த்தே படியெடுக்கும். தேர்வில் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதை வாத்தியார் சரியான விடைகளை வைத்தா கண்டுபிடிக்கிறார்? ஒரே மாதிரியான தப்புகளை வைத்துத்தானே. இங்கேயும் அதே வித்தைதான். தப்புகளை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கினால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஒரு மரம் போலக் கிளை பிரிந்து நிற்கும். கிளை அறுந்திருந்தால் நடுவில் யாரோ பட்டியலில் விட்டுப்போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

விடுதிப் பெண்களின் மரம் அழகாக வந்திருந்தது. முதலில் ஒருத்தி, அவள் அறையில் மூவர், அவர்களுடைய தையல் வரிசையில் எழுவர். அறுந்த கிளை ஒன்றுகூட இல்லை. தண்ணீர் மட்டும்தான் தொந்தரவு.

ஆமை நாற்காலியின் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். யாராவது ஒரு பெண்ணின் மாதிரி சிந்தி, தண்ணீரில் கலந்திருந்தால் தண்ணீரில் வந்தது அந்த மாதிரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று சொன்னார். அதில் அவர் சொன்னது சரிதான். தண்ணீரில் வந்த வாக்கியம் கடைசி எழுவருடையதைப் போலவே இருந்தது, ஓர் எழுத்தைத் தவிர. ஆறாயிரத்து எண்ணூற்றுச் சொச்சமாவது இடத்தில் ஒரு தப்பு. பதினொருவரில் யாரிடமும் அது இல்லை.

"லிஸ்ட்ல இல்லாத யாரோடதாவது இருக்குமோ மேடம்? இவங்களுக்கு அடுத்து வந்த யாராவது?"

"அப்படியா? தண்ணிக்குத் தொண்டை வலிக்குதான்னு கேளுங்க. மாத்திரை எழுதிக் குடுத்துடலாம்."

இந்த முறை யாரும் சிரிப்பை அடக்கவில்லை.

தண்ணீர் கெட்டால் மொத்தச் சோதனை ஓட்டத்தையும் குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும் என்பது விதி. இரண்டு நாள் வேலை. கொசு காலையிலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டார். அரம் போன வாரம் ஓடிய வேறொரு வேலையிலிருந்து, தண்ணீருக்குப் பூஜ்யம் காட்டிய நல்ல கணினிக் கோப்பு ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றி இங்கே வைத்தாள். அதில் அவளுக்குத் துளி உறுத்தலும் இல்லை. விதிகளை எழுதியதே ஆமைகளுக்காக என்பது அவள் கட்சி. ஒரே சங்கிலி, எல்லாக் கண்ணிகளும் கிடைத்துவிட்டன, வெளியே பரவவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

வீட்டில் தங்கை சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். ஒன்பது வருடம் மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கி இப்போதுதான் உண்டாகியிருந்தாள்; ஆறாவது வாரம். கணவனுக்குக் கப்பலில் வேலை என்பதால் பிரசவம் வரை அக்கா வீடு. ரூபெல்லா பெரியவர்களை ஒன்றும் பெரிதாகச் செய்யாது. லேசான காய்ச்சல், இரண்டு நாள் தடிப்பு, சிலருக்கு அதுகூட இல்லை. ஆனால் கர்ப்பத்தின் முதல் பன்னிரண்டு வாரங்களில் தாய்க்கு வந்தால் பத்துக் குழந்தைகளில் எட்டு, ஒன்பதைத் தொட்டுவிடும். கண்ணில் வெள்ளை விழும், காது கேட்காது, இதயத்தில் ஓட்டை இருக்கும். கர்ப்பம் உண்டாவதற்கு முன்பே, தங்கையின் இரத்தத்தில் அதற்கு எதிரான காப்பு இல்லை என்று பரிசோதித்துச் சொன்னதே அரம்தான். அப்போது தங்கை, தடுப்பூசி போட்டுக்கொண்டு ஒரு மாதம் தள்ளி முயற்சி செய்யட்டுமா என்று கேட்டாள். இந்தக் காலத்தில் அது யாருக்கடி வருகிறது, பயந்து பயந்தே பாதி ஆயுசு போய்விட்டது உனக்கு என்று அக்காதான் அதட்டினாள்.

"விடுதியில வந்துச்சே, அது நம்ம பக்கம் வருமா அக்கா?"

"முடிஞ்சு போச்சு. நான்தான் பார்த்தேன். நீ பேசாம கிளினிக் போயிட்டு வா."

மூன்று வாரம் கழித்து நான்கு மாதிரிகள் வந்தன. ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து. ஒரு மகப்பேறு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண், அங்கே காத்திருந்த மூன்று கர்ப்பிணிகள்.

அது தங்கை போகிற கிளினிக்.

ஆய்வகத்துக்கு ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்று தெரியாத வெள்ளை வெளிச்சம், ப்ளீச்சும் ஸ்பிரிட்டும் கலந்து மூக்கின் அடியில் ஒட்டிக்கொள்ளும் வாடை, சுவர் ஓரமாக நிற்கும் பெரிய ஃப்ரீசர்கள் ஆள் மாற்றி ஆள் முனகுவது போல ஒன்று நின்றதும் இன்னொன்று தொடங்கும் இரைச்சல். இருபது வருடமாக அவள் காது அதைக் கேட்டதே இல்லை. அன்று கேட்டது. உள்ளங்கை அளவு இயந்திரம் மேசை மேல் மினுக்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒவ்வொரு துளை வழியாகவும் வைரஸின் எழுத்துச் சரம் நூல் கோப்பது போல நுழைந்து வெளியேறும். நுழையும்போது ஒவ்வொரு எழுத்தும் மின்சாரத்தை ஒவ்வொரு மாதிரி தடுக்கும். அந்தத் தடுமாற்றத்தை வைத்தே எழுத்தைப் படித்துவிடுவார்கள். எந்தச் சரம் எந்த டியூபிலிருந்து வந்தது என்று தெரிவதற்கு முன்கூட்டியே ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் அடையாள வால் ஒட்டியிருக்கும். இதைப் புதியவர்களுக்கு விளக்கும்போது மட்டும் அரத்தின் குரலில் ஒரு மென்மை வரும் என்று சொல்வார்கள்.

நான்கு பேரிடமும் அந்த எழுத்து இருந்தது. ஆறாயிரத்து எண்ணூற்றுச் சொச்சமாவது இடம். மூன்று வாரம் முன்பு, இவர்களில் ஒருவருக்கும் காய்ச்சல்கூட வராத நாளில், தண்ணீரில் மட்டும் வந்த எழுத்து.

ஐந்தாவது வரிசை அன்றைய தண்ணீர். அதில் நூற்றுப் பன்னிரண்டு. அந்த எழுத்தும் இருந்தது. அதற்கு மேல் புதிதாக இன்னொன்றும் இருந்தது.

வால் மாறி ஒட்டிக்கொண்ட சரங்களாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அப்படி மாறியிருந்தால் இருக்கிறவர்களின் எழுத்துதான் வரும், இல்லாதவர்களின் எழுத்து வராது. இயந்திரம் தப்பாகப் படித்திருக்கும் என்று பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு சரங்களும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்பாகப் படிக்கப்படாது. ஆமையின் எச்சில் தெறித்திருக்குமோ என்றால், ஆமைக்கு ரூபெல்லா இல்லை. ஆமைக்கு எதுவுமே வராது. எதுவும் அவரைத் தேடி வருவதற்குள் தூங்கிவிடும்.

அவர் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. கையுறையை விரல் விரலாக இழுக்கும் சத்தம்.

"தண்ணி நமக்கு ஒரு அடி முன்னால போகுது மேடம்," என்றார் மெதுவாக. "போன தடவையே லிஸ்ட்ல ஆள் விட்டிருக்குன்னு சொல்லியிருந்தா, தேடிப் பிடிச்சு அந்த கிளினிக்கை மூடியிருப்பாங்க."

அன்று மாலையே அவள் அவரைச் சோதனைப் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் முன்வாசல் கவுண்டருக்கு மாற்றிக் குறிப்பு எழுதினாள். காரணம் என்ற இடத்தில் கவனக்குறைவு என்று எழுதினாள். பழைய தண்ணீரைப் பற்றி இப்போது வாய் திறந்தால் தான் கோப்பு மாற்றி வைத்ததும் வெளியே வரும். அதனால் இந்த முறையும் ஒரு நல்ல பூஜ்யத்தைத் தேடி எடுத்து வைத்தாள்.

அந்த மூன்று வாரத்தில் தங்கை இரண்டு முறை கிளினிக் போயிருந்தாள். இரண்டு முறையும் டோக்கன் பெண்ணுக்கு நேர் எதிரில்தான் உட்கார இடம் கிடைத்ததாம். பாவம், ஒரே இருமல் அவளுக்கு என்றாள்.

அரம் மூன்று நாளுக்கு ஒருமுறை தங்கையின் இரத்தத்தை எடுத்தாள். சத்து குறைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று சொல்லிவைத்தாள். காதுக்குப் பின்னால், கழுத்தடியில், தலை பின்னிவிடுகிற சாக்கில் தடவிப் பார்த்தாள். கட்டி இல்லை. தடிப்பு இல்லை. காய்ச்சல் இல்லை. இரத்தத்தில் ஒன்றும் இல்லை. வாந்திகூட நின்றுவிட்டதாகத் தங்கை சொன்னாள்.

"ரொம்ப லேசா இருக்கு அக்கா. நடக்கிறப்போ கால் தரையில படுற மாதிரியே இல்ல."

"தின்னுட்டுப் படுத்தே கிடந்தா அப்படித்தான் இருக்கும்."

தங்கை சிரித்தாள். சமையலறையில் குழாயை யாரோ சரியாக மூடவில்லை. சொட்டு, சொட்டு. அரம் எழுந்து போய் இறுக்கி மூடினாள். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகும் கேட்டது.

அடுத்த திங்கள் அலுவலக விடுமுறை. கட்டடத்தில் யாருமே இல்லாத ஒரு பகல் அவளுக்கு வேண்டியிருந்தது. மனிதர்கள்தான் அசுத்தம் என்று அவள் எப்போதும் சொல்வாள். அன்று மனிதர்களே இல்லாமல் செய்து காட்டப்போகிறாள். யாரிடம் காட்ட என்று அவள் யோசிக்கவில்லை. முந்தின நாளே எல்லா மாதிரிகளையும் வேறு மாடிக்கு அனுப்பி, மேசை, தரை, சுவிட்சு, கதவுப் பிடி எல்லாவற்றையும் ப்ளீச்சால் துடைத்து, இரவு முழுவதும் அறைக்குள் கிருமி கொல்லும் புற ஊதா விளக்கை எரியவிட்டிருந்தாள். நோயாளிகளின் மாதிரி நுழையவே கூடாத சுத்த அறை ஒன்று உள்ளே தனியாக உண்டு. அங்கே கண்ணாடிக் கதவு போட்ட ஆளுயரக் குளிர்பெட்டியில் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்கள் அடுக்கியிருக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்தாள். சீல் நொறுங்கும் சத்தம் திருப்தியாக இருந்தது. ஒரே ஒரு டியூப். நோயாளி இல்லை, ஆமை இல்லை. தண்ணீர் மட்டும்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு இயந்திரத்தை ஓடவிட்டாள்.

ஒன்று.

கொஞ்ச நேரம் ஒன்றிலேயே நின்றது. ஃப்ரீசர்கள் முனகின.

ஏழு. முப்பது. இருநூறு.

வைரஸ் இருந்தது. கிளினிக்கில் வந்ததைவிட இரண்டு எழுத்து முன்னால் இருந்தது. அதோடு வேறொரு வாக்கியமும் கலந்து கிடந்தது. அதில் ஒன்பது எழுத்துகள் மாறியிருந்தன. ஆள் விட்டு ஆள் தாண்டிப் போகும் வைரஸுக்கு இதற்கு முக்கால் வருடம் ஆகும். தாண்டாமல் ஒரே உடம்புக்குள் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தாலும் இவ்வளவு சேரும். அப்படி அடைந்து கிடப்பது ஓரிடத்தில்தான். வயிற்றிலேயே நோயை வாங்கிப் பிறக்கும் குழந்தையின் உடம்பில்.

அவள் எழுந்தாள். உட்கார்ந்தாள்.

தொண்டையைத் தடவினால் வைரஸ் மட்டுமா வரும்? ஆளும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருவார். உண்மையில் நூறு சரங்களில் தொண்ணூறுக்கு மேல் அந்த ஆளின் மரபணுவாகவே இருக்கும். மென்பொருள் அவற்றைப் படிக்காமலே தனிக் கோப்புறையில் தள்ளிவிடும். நாள் முடிவில் அழிந்துவிடும். அதைத் திறந்து பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை, அவளுக்கும். தண்ணீருக்கு அப்படி ஒரு கோப்புறையே உண்டாகக் கூடாது.

கோப்புறை இருந்தது. நிறைந்திருந்தது.

வேலைக்குச் சேரும்போது ஒவ்வொருவரும் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டிக் கொடுப்பார்கள். டியூபில் ஊழியரின் எச்சில் தெறித்தால் யாருடையது என்று கண்டுபிடிப்பதற்கு ஓர் அட்டவணை. அவள் ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். முதலில் ஆமை. அவர் இல்லை. அவர் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மற்றவர்களும் இல்லை. கடைசியில் தன்னுடையதைப் போட்டாள்.

பாதி.

முழுதாக ஒத்துப்போனால் அவளே. ஒத்துப்போகாவிட்டால் யாரோ. பாதி என்றால் பெற்றவர், பிள்ளை, கூடப்பிறந்தவர். பெற்றவர்கள் போய்ப் பத்து வருடம். பிள்ளை இல்லை.

அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பாதிதான் உயிரோடு இருந்தது.

திரையை இன்னும் கீழே உருட்டினாள். அந்தப் பாதிக்குள் வேறு ஏதோ சிறு அளவில் கலந்திருந்தது. பெண்ணிடம் இருக்கவே முடியாத சரங்கள், ஆணிடம் மட்டும் இருப்பவை. தாயின் இரத்தத்தில் பிள்ளையின் துண்டுகள் மிதப்பதுண்டு. அது எல்லோருக்கும் தெரிந்த அறிவியல். தொண்டையில் மிதக்காது. தண்ணீரில் மிதக்காது. அவள் அவற்றைத் தன்னுடையதோடு ஒப்பிட்டாள். கால் பங்கு, கூடப்பிறந்தவளின் பிள்ளைக்கு இருக்கும் அளவு.

பையன். அவளுக்கு மட்டும் தெரியும், பையன்.

முன்வாசல் மணி அடித்தது.

தங்கை வாசலில் நின்றாள். கையில் சாப்பாட்டு டப்பா. பதினொரு போன் செய்துவிட்டாளாம், அக்கா எடுக்கவில்லையாம், ஆட்டோ பிடித்து வந்துவிட்டாளாம். இங்கே எல்லாம் வரக்கூடாது என்று உனக்கு எத்தனை முறை சொல்வது, உனக்கு மூளை இருக்கா என்று அரம் கத்தினாள். கத்த முடிந்ததே ஆறுதலாக இருந்தது. தங்கை கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரப்பர் தரையில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதா என்று அரத்துக்கு அப்புறம் சந்தேகம் வந்தது.

"ஆ காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடி."

பஞ்சுக் குச்சியைத் தொண்டையின் பின்சுவரில் வைத்துச் சுழற்றினாள். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் குமட்டும். தங்கைக்குக் குமட்டவில்லை. வாயை அகலத் திறந்தபடி அக்காவின் முகத்தையே அன்போடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரமும் அரம் வேலையைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. சூடு, குலுக்கல், வால் ஒட்டுதல். நடுவில் ஒரு காரியம் செய்தாள். கையுறையைக் கழற்றிப் புதியதை மாட்டி விரல் விரலாக இழுத்துச் சரிசெய்தாள். ஆமையைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என்னவென்று சொல்வது அவரிடம்? தன் வாயால் எப்படிச் சொல்வது? கூப்பிடவில்லை.

தங்கைக்கு வைரஸ் வந்திருந்தால் இப்போதாவது ஏதாவது செய்யலாம். வராமல் இருந்தால் தண்ணீரில் வந்ததெல்லாம் பொய். இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். முதல் வரிசையில் தண்ணீர், இரண்டாவது வரிசையில் தங்கை. ஓடவிட்டாள்.

தண்ணீர்: நூறு. நானூறு. ஆயிரம்.

தங்கை: பூஜ்யம்.

அவளுக்குக் கண் கலங்கியது. வைரஸ் இல்லை. ஒன்றுகூட இல்லை. சிரிப்பு வந்தது. இருபது வருட அனுபவம், விடுமுறை நாளில் தண்ணீரோடு சண்டை. ஆமைக்கு இது தெரிந்தால் கவுண்டரில் உட்கார்ந்து மெதுவாக, மிக மெதுவாகச் சிரிப்பார்.

பிறகுதான் மற்றொரு கோப்புறையைப் பார்த்தாள். வைரஸ் இல்லாவிட்டாலும் ஆள் இருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் யார் தொண்டையைத் தடவினாலும் ஆயிரக்கணக்கில் வந்து கொட்ட வேண்டியது.

தங்கை: பூஜ்யம்.

குச்சி சரியாகப் படவில்லையோ? பட்டது. மருந்து வேலை செய்யவில்லையோ? அதே மருந்துதான் முதல் வரிசையில் வேலை செய்கிறது. நிமிடங்கள் போயின. பூஜ்யம். இருபது வருடமாக அவள் தண்ணீரிடம் கேட்ட பூஜ்யம். அசையாமல். சுத்தமாக.

"என்ன வந்திருக்கு அக்கா?"

தங்கை எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். தோளில் கை வைத்தாள். கையின் எடை தெரியவில்லை.

அரம் சுத்த அறைக்குள் நடந்தாள். பாட்டிலைப் பார்க்க வேண்டும். தொகுதி எண்ணைப் பார்க்க வேண்டும். ஏதாவது ஓர் எண். குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குனிந்தாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடியில் பனி படிந்து கலைந்தது. குளிர்ந்த கண்ணாடியில் மூச்சுப் பட்டால் பனி படியும்; அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

தங்கையும் வந்து அருகில் குனிந்தாள். கண்ணாடிக்கு ஒரு விரல் தூரத்தில் அவள் உதடு.

"அக்கா, பேசேன். பயமா இருக்கு."

கண்ணாடி தெளிவாக இருந்தது.

அவள் உதட்டுக்கு எதிரே தெளிவாகவே இருந்தது. அரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பாட்டில்கள், வெள்ளை விளக்கு, வரிசை வரிசையாகத் தண்ணீர். மேல்தட்டுக்கு நேராக, முக உயரத்தில், பனி படிந்து ஒரு வட்டம் மங்கியது.

உள்பக்கம்.

கலைந்தது. மறுபடியும் படிந்தது. தூங்குகிறவளின் மூச்சைப் போல, நிதானமாக.

அதற்குக் கீழே, வயிற்று உயரத்தில், ஒரு காசு அளவுக்கு இன்னொரு வட்டம். படிந்தது. கலைந்தது. படிந்தது. கலைந்தது. படிந்தது. மிக வேகமாக.